மனுவா, புறக்கணிப்பா, போரா: 1776இல் பிலடெல்பியாவின் முன்னால் இருந்த வழிகள்

1776 ஜூலை 1ஆம் தேதி பிலடெல்பியாவில், அமெரிக்காவிலிருந்த பதின்மூன்று பிரிட்டிஷ் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸில், பிரிட்டனிடமிருந்து விடுதலை பெறும் தீர்மானத்தின்மேல் முதல் வாக்கெடுப்பு நடந்தபோது ஒன்பது காலனிகள்தான் ஆதரித்தன. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் வேண்டாம் என்றன. டெலவேரிலிருந்து வந்திருந்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நியூயார்க் பிரதிநிதிகளுக்கு வாக்களிக்க ஊரிலிருந்து அதிகாரமே வந்து சேரவில்லை. அதற்குள் சண்டை தொடங்கிப் பதினான்கு மாதம் தாண்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஏராளமானோர் செத்திருந்தார்கள். அப்படியும் "பிரிந்துவிடுகிறோம்" என்று சொல்ல நாலு காலனிகளால் முடியவில்லை.

இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மனு கொடுப்பது, வணிகத்தை நிறுத்துவது, அதிகாரத்தைப் பங்குபோட்டுக்கொள்வது, பேரரசுக்குள் இருந்தபடியே சண்டை போடுவது, பிரிந்து போவது என்று ஐந்து வழிகள் அவர்கள் முன்னால் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கெட்டிக்கார ஆதரவாளர்களும் இருந்தார்கள். முடிவு நமக்குத் தெரியும் என்பதாலேயே மற்ற நாலும் வீண் என்று தோன்றுகிறது. அன்று அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். குறை தீருமா? லண்டன் ஒத்துக்கொள்ளுமா? பதின்மூன்று காலனிகளும் சேர்ந்து நிற்குமா?

குறை என்ன?

வழியை எடைபோடும் முன் குறையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவைப் பிரான்ஸிடமிருந்து காப்பாற்றத்தானே இவ்வளவு செலவு, காலனிகளும் கொஞ்சம் சுமக்கட்டுமே என்று லண்டன் நினைத்தது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் செய்த விதம்தான் விபரீதம். 1765இல் வந்த முத்திரைத் தாள் சட்டத்தைப் பாருங்கள். பத்திரம், உயில், கப்பல் சரக்குச் சீட்டு, செய்தித்தாள், பஞ்சாங்கம் எல்லாம் முத்திரையிட்ட தாளில்தான் இருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடிப் பகடைக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண்டு. அதுவும் ஸ்டெர்லிங் கணக்கில் கட்ட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் காலனிகள் அச்சிட்ட காகிதப் பணத்துக்குச் சட்ட மதிப்பு கொடுக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்திருந்தது. கையில் வெள்ளிக் காசு புழங்காத ஊரில் இந்த வரி யாரை முதலில் கடித்தது? வக்கீலை, அச்சகக்காரரை, வணிகரை, மதுக்கடை வைத்திருந்தவரை. பேசவும் எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பு வலுத்ததும் 1766 மார்ச்சில் சட்டம் வாபஸ் ஆனது. விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். அதே நாளில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது: எந்த விஷயமானாலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டு. என் பார்வையில் போரின் வேர் இதுதான். வரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் போடுவேன் என்ற உரிமையை மட்டும் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் வரியின் அளவுக்கும் கோபத்தின் அளவுக்கும் பொருத்தமே இல்லை. 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு பிரிட்டனின் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் வரி போட்டார். 1770இல் தேயிலையைத் தவிர மற்றதெல்லாம் நீங்கியது. 1773இல் வந்த தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைக்கத்தான் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. லண்டன் கிடங்குகளில் ஒன்றரைக் கோடி ராத்தலுக்கு மேல் சீனத் தேயிலை தேங்கிக் கிடந்தது. அதை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதித்து, ராத்தலுக்கு 3 பென்னி வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். மலிவான தேயிலையைக் குடித்தால் அந்த உரிமையையும் சேர்த்து விழுங்கியதாகிவிடும் என்று காலனிக்காரர்கள் கண்டுகொண்டார்கள்.

நம்மூர் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான் இது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773 இறுதியில் புனைபெயரில் எழுதிய கடிதத்தில், ஆசியாவில் இந்தக் கம்பெனி நடந்துகொண்ட விதத்தையும் வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்ததையும் சொல்லி, இவர்கள் கையிலா நாம் சிக்குவது என்று எச்சரித்தார். இந்த டிக்கின்சன் பெயரை நினைவில் வையுங்கள். கடைசிவரை வருவார்.

டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போனது. பதிலடியாக 1774இல் லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. மாசசூசெட்ஸின் ஆட்சிமன்றத்தை அரசர் நியமிப்பார், ஊர்க்கூட்டம் நடத்த ஆளுநரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தேயிலையைத் தொடாத ஏழைத் துறைமுகத் தொழிலாளிக்கும் வேலை போனது. இங்கேதான் பாஸ்டனின் குறை பதின்மூன்று காலனிகளின் குறையாக மாறத் தொடங்கியது. இன்று மாசசூசெட்ஸுக்குச் செய்தவர்கள் நாளை வர்ஜீனியாவுக்குச் செய்யமாட்டார்களா?

மனு

டிக்கின்சனின் வழி இது. அரசருக்கு நேராக எழுதுவோம், அமைச்சர்கள்தான் அவரைத் தவறாக வழிநடத்துகிறார்கள் என்று சொல்லுவோம். செலவே இல்லாத வழி. இரத்தம் சிந்த வேண்டாம், திரும்பிப் போகவும் பாதை இருக்கும். 1775 ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ் உறுப்பினர்கள் 'ஒலிவக் கிளை' என்ற சமாதான மனுவில் கையெழுத்திட்டார்கள். ரிச்சர்ட் பென் அதை லண்டனுக்கு எடுத்துப் போனார். மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. ஆகஸ்ட் 23ஆம் தேதி காலனிகள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அரச அறிவிப்பு வெளியானது.

மனுவில் ஒரு அடிப்படைக் கோளாறு இருந்தது. சண்டை நாடாளுமன்றத்தோடு, மனு போனது அரசருக்கு. நாடாளுமன்றத்துக்கு எதிராக அரசர் தங்கள் பக்கம் நிற்பார் என்று நம்பினார்கள். அந்த அரசரோ நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை அமைச்சர்களைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம், மனுவை ஏற்ற அதே வாரத்தில் காங்கிரஸ் ஏன் ஆயுதம் எடுத்தோம் என்று ஓர் அறிக்கையும் வெளியிட்டது. ஜூன் 17ஆம் தேதி பாஸ்டனுக்கு அருகே பங்கர் ஹில்லில் நடந்த சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் செத்தும் காயப்பட்டும் போன செய்தி ஏற்கெனவே லண்டனை எட்டியிருந்தது. அந்த நிலையில் சமாதான மனுவை யார் நம்புவார்?

இருந்தாலும் அந்த மனுவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். தயங்கியவர்களைக் கூட்டத்துக்குள் வைத்திருந்தது அதுதான். எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தோம் என்று 1776இல் சொல்ல முடிந்ததற்கு டிக்கின்சனின் பிடிவாதமே காரணம். விடுதலைக்கு அவசரப்பட்ட மாசசூசெட்ஸின் ஜான் ஆடம்ஸ் அவர்மேல் எரிச்சல்பட்டு எழுதிய கடிதம் பிரிட்டிஷார் கையில் சிக்கி வெளியானதும் நடந்தது. ஆடம்ஸின் அவசரம் புரிகிறது. ஆனாலும் அந்த ஆண்டில் டிக்கின்சன் இல்லாமல் பென்சில்வேனியா நகர்ந்திருக்காது.

புறக்கணிப்பு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கூடவே மிகவும் தவறாக மதிப்பிடப்படும் பகுதியும்கூட.

1774 அக்டோபர் 20ஆம் தேதி முதல் காங்கிரஸ் ஒரு கூட்டு உடன்படிக்கை போட்டது. டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்கு எதுவும் இறங்கக் கூடாது. 1775 செப்டம்பர் 10 முதல் நம் சரக்கும் அங்கே போகக் கூடாது. அடிமைகளை இறக்குமதி செய்வதும் நின்றாக வேண்டும். இதோடு நிற்கவில்லை. கம்பளி வேண்டுமே, அதற்காகச் செம்மறியாடுகளைப் பெருக்க வேண்டும், கண்டபடி அறுக்கக் கூடாது. குதிரைப் பந்தயம், சேவல் சண்டை, நாடகம் எல்லாம் விலக்கு. வீட்டில் சாவு விழுந்தால்கூட ஆண்கள் கையிலோ தொப்பியிலோ கறுப்புத் துணி கட்டினால் போதும், பெண்களுக்கு ஒரு கறுப்பு நாடா. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கையுறை கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். அந்தத் துணியும் கையுறையும் இங்கிலாந்திலிருந்து வந்தவை.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் குழு அமைந்தது. மீறியவரின் பெயர் செய்தித்தாளில் வரும், அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. இதில் கொடுமையும் இருந்தது. அண்டை வீட்டாரை அண்டை வீட்டார் வேவு பார்த்தார்கள், சிலர் அவமானப்பட்டு ஊரைவிட்டே போனார்கள். அதை மறைத்து இந்த வழியைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

பலன் என்ன? இறக்குமதியைப் பொறுத்தவரை முழு வெற்றி. இங்கிலாந்திலிருந்து இந்தக் காலனிகளுக்குப் போன சரக்கின் மதிப்பு 1775இல் முந்தைய ஆண்டின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. லண்டனை அசைப்பதில் தோல்வி. 1766இல் பிரிட்டிஷ் வணிகர்களே நாடாளுமன்றத்தின் வாசலில் மனுவோடு நின்றதால்தான் முத்திரைச் சட்டம் போனது. இந்தத் தடவை அவர்கள் குரல் எடுபடவில்லை. அரசாங்கம் இதை வணிகப் பிரச்சினையாகப் பார்ப்பதை நிறுத்திக் கீழ்ப்படியாமையாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஏற்றுமதியை நிறுத்தியதில் புகையிலை விளைவித்த வர்ஜீனியாவுக்குத்தான் முதல் அடி. தென் கரோலினா அரிசிக்கு விலக்கு கேட்டு வாங்கிக்கொண்டது. மூன்றாவது கேள்வி இங்கே இடித்தது.

ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அந்த ஊர்க்குழுக்கள் அரசாங்கமாகவே ஆகிவிட்டன. வரவு செலவைச் சோதித்தார்கள், படை திரட்டினார்கள், வழக்கைத் தீர்த்தார்கள். ஆளுநர்கள் கோட்டைக்குள்ளும் போர்க்கப்பலிலும் ஒதுங்கிய நேரத்தில் ஊர் குலையாமல் நடந்ததற்கு இந்தக் குழுக்களே காரணம். புறக்கணிப்பு தன் குறியைத் தவறவிட்டது, ஆனால் பிரிந்தால் சமாளிக்க முடியும் என்பதை நடத்திக் காட்டியது.

பங்கீடு

பென்சில்வேனியாவின் ஜோசப் கேலோவே 1774 செப்டம்பர் 28ஆம் தேதி ஒரு திட்டம் வைத்தார். அமெரிக்காவுக்கென்று ஒரு பெருமன்றம். காலனிச் சட்டமன்றங்கள் அதற்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும். தலைவரை அரசர் நியமிப்பார். காலனிகளைத் தொடும் பொதுச் சட்டம் எதுவானாலும் லண்டன் நாடாளுமன்றமும் இந்தப் பெருமன்றமும் இரண்டும் ஒப்ப வேண்டும்.

குறை தீருமா என்ற கேள்விக்கு ஐந்து வழிகளில் இதுதான் நேரான பதில் என்று நினைக்கிறேன். நோய் அதிகாரத்தில், மருந்தும் அதிகாரத்தைப் பற்றியது. ஆறுக்கு ஐந்து காலனிகள் என்ற கணக்கில் இது ஒத்திவைக்கப்பட்டது. பிறகு குறிப்பேட்டிலிருந்தே நீக்கினார்கள். கேலோவே கசந்துபோய் அரசர் பக்கம் சேர்ந்து இங்கிலாந்துக்கே போனார்.

ஆனால் லண்டன் ஒத்துக்கொண்டிருக்குமா? 1775 பிப்ரவரியில் பிரதமர் நார்த் பிரபு கொடுத்த சமரசத்தைப் பார்த்தால் விடை தெரியும்: பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் தேவையான பணத்தைக் காலனி தானே கொடுத்துவிட்டால் நாங்கள் வரி போடமாட்டோம். எவ்வளவு கொடுப்பது என்பதை ஏற்பது யார்? அவர்கள்தான். வரி போடும் கையை மாற்றினார்கள், அதிகாரத்தை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். காங்கிரஸ் ஜூலை 31ஆம் தேதி மறுத்தது. தனக்குச் சமமான ஒரு மன்றத்தை ஏற்கும் மனநிலை அன்றைய லண்டன் நாடாளுமன்றத்தில் இல்லை. அதன் உறுப்பினர் எட்மண்ட் பர்க் மார்ச்சில் விட்டுக்கொடுத்துப் போகும்படி மணிக்கணக்கில் பேசியும் பெரும்பான்மை அசையவில்லை.

உள்ளே இருந்தபடியே போர்

முதல் சண்டை நடந்த 1775 ஏப்ரல் 19 முதல் 1776 ஜூலை வரை உண்மையில் நடந்தது இதுதான். அரசருக்கு விசுவாசம், அரசரின் படையோடு சண்டை. ஜூன் 15ஆம் தேதி ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கினார்கள். நடுநிலையாளர்களுக்கு வசதியான இடம் இது. எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், எதையும் அறிவிக்கவும் வேண்டாம்.

நடைமுறையில் ஐந்திலும் மோசமான வழி இதுதான். காரணம் வெடிமருந்து. பங்கர் ஹில்லில் அமெரிக்கர்கள் பின்வாங்கியது வெடிமருந்து தீர்ந்ததால். ஆகஸ்ட் தொடக்கத்தில் பாஸ்டனைச் சூழ்ந்திருந்த தன் படையின் கையிருப்பை வாஷிங்டன் எண்ணிப் பார்த்தபோது ஆளுக்கு ஒன்பது தடவை சுடும் அளவுக்கு மேல் இல்லை. உள்ளூரில் செய்தது சொற்பம். வந்ததெல்லாம் மேற்கிந்தியத் தீவுகளின் டச்சு, பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாகக் கள்ளத்தனமாக. பிரான்ஸ் அரசர் பதினாறாம் லூயி 1776 மே மாதம் 10 லட்சம் லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) ரகசியமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆனால் வெளிப்படையாகப் படையும் கப்பலும் தர எந்த அரசும் முன்வராது. இன்று சண்டைபோட்டு நாளை அரசரோடு சமாதானமாகிவிடக்கூடிய குடிகளை நம்பி பிரான்ஸ் ஏன் பிரிட்டனோடு போருக்குப் போக வேண்டும்?

லண்டனும் இந்த நடுவழியை மூடியது. 1775 டிசம்பரில் வந்த தடைச் சட்டம் அமெரிக்கக் கப்பல்களைப் பகை நாட்டுக் கப்பல்போலப் பிடிக்கலாம் என்றது. ஜெர்மானியச் சிற்றரசுகளிலிருந்து கூலிப்படை வருகிறது என்ற செய்தி 1776 மே மாதம் எட்டியது. குடிகளாக நடத்தாதவர்களிடம் குடிகளாக இருக்க விரும்புகிறோம் என்று எவ்வளவு நாள் சொல்வது?

பிரிவு

1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் வெளியிட்ட சிறு நூல் முடியாட்சியையே கேள்வி கேட்டது. அரசர் நல்லவர், அமைச்சர்கள்தான் கெட்டவர்கள் என்ற பழைய சாக்கு அதோடு செல்லாக்காசானது. ஜூன் 7ஆம் தேதி வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் மூன்று பகுதிகள் உண்டு: விடுதலை, வெளிநாட்டுக் கூட்டணி, காலனிகளின் கூட்டமைப்பு. மூன்றையும் சேர்த்து வாசித்தால் அவர்கள் கணக்கு புரியும். விடுதலை என்பது கூட்டணிக்கான கதவு.

ஜூலை 1 வாக்கெடுப்புக்கு மறுநாள் காட்சி மாறியது. டெலவேரின் சீசர் ராட்னி இடியிலும் மழையிலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் பயணம் செய்து, குதிரையோட்டும் பூட்ஸோடு மண்டபத்தில் நுழைந்து தன் காலனியின் சமநிலையை உடைத்தார். தென் கரோலினா ஒற்றுமைக்காக மாறியது. டிக்கின்சனும் ராபர்ட் மோரிஸும் வேண்டுமென்றே விலகி இருந்ததால் பென்சில்வேனியாவும் ஆதரவுக்கு வந்தது. நியூயார்க் மட்டும் வாக்களிக்கவில்லை.

விலை கடுமையானது. அடுத்த ஏழாண்டுப் போர், அரசர் பக்கம் நின்ற சுமார் 60,000 பேர் ஊரைவிட்டுப் போனது, உலகமெங்கும் பரவிய சண்டை. பிரான்ஸ் இறங்கியதும் 1778இல் பிரிட்டிஷ் படை புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் இரு நாட்டுக் கப்பல்களும் மோதியபோது ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் செய்திதான் இங்கே வந்து சேரவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. காலனிகளின் 25 லட்சம் மக்களில் சுமார் 5 லட்சம் பேர் அடிமைகள். அவர்களுக்கு இந்த ஐந்து வழிகளில் ஒன்றும் திறக்கவில்லை. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் அரசரின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது, பலர் உயிரைப் பணயம் வைத்து ஓடிப்போனார்கள். அவர்களின் விடுதலைப் போர் எதிர்ப் பக்கத்தில் நடந்தது. மேற்கே குடியேறக் கூடாது என்று 1763இல் லண்டன் போட்ட எல்லைக்கோட்டைப் பெரிய குறையாகச் சொன்னார்கள். அந்தக் கோடு பழங்குடி மக்களின் நிலத்துக்கு இருந்த அரைகுறைக் காவல். பிலடெல்பியாவின் முடிவைச் சரி என்று சொல்கிறவர்கள், நான் உட்பட, இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எது?

ஆக, 1774இல் என்னைக் கேட்டால் கேலோவேயின் திட்டத்தை லண்டனுக்கு அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்பேன். மறுத்திருப்பார்கள், அந்த மறுப்பு இரண்டு ஆண்டு முன்னதாகவே எல்லோரையும் தெளிவாக்கியிருக்கும். 1776 கோடையில் பிரிவைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

மிச்சமிருந்த உண்மையான விவாதம் வரிசையைப் பற்றியது. டிக்கின்சன் ஜூலை 1ஆம் தேதி கேட்டது இதைத்தான்: முதலில் கூட்டமைப்பை எழுதி முடிப்போம், பிரான்ஸின் மனதைத் தெரிந்துகொள்வோம், பிறகு அறிவிப்போம். இல்லாவிட்டால் காகிதத் தோணியில் புயலுக்குள் போவதாகும் என்றார். ஆடம்ஸ், அறிவித்தால்தான் மற்ற இரண்டும் வரும் என்றார்.

டிக்கின்சனின் பயம் நியாயமானது. அந்த வாரமே நியூயார்க் கடலில் பிரிட்டிஷ் கப்பற்படை வந்து நின்றது. ஆனால் தேதிகள் ஆடம்ஸ் பக்கம். கூட்டமைப்பு ஒப்பந்தத்தின் முதல் வரைவை எழுதியவரே டிக்கின்சன்தான். அது எல்லா மாநிலங்களின் ஒப்புதலையும் பெற்று நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச்சில். பிரான்ஸ், சரடோகாவில் அமெரிக்கர்கள் பெற்ற வெற்றியைப் பார்த்த பிறகு 1778 பிப்ரவரியில்தான் கூட்டணியில் கையெழுத்திட்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி போடும் உரிமையைக் கைவிட்டுச் சட்டம் இயற்றி, சமாதானக் குழுவை பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. 1775இல் டிக்கின்சன் மனுவில் கேட்டதைவிட அதிகமாகவே அந்தக் குழு கொடுக்க வந்திருந்தது. விடுதலையை ஏற்றுக்கொள்ளுங்கள் அல்லது படையைத் திரும்பப் பெறுங்கள், அதன் பிறகு பேசலாம் என்று காங்கிரஸ் பதில் எழுதி அனுப்பியது.